போர் வண்டி எதுக்கு வருது? யுரேனியம் தேடும் முறையும் உழவர் கேட்க வேண்டிய கேள்விகளும்



விருதுநகர் பக்கத்துக் கரிசல்காட்டுல போர் போடாத விவசாயி குறைவு. போர் போடுறதுக்கு முன்னால நீரோட்டம் பார்க்காதவரும் குறைவு. உள்ளங்கையில் தேங்காயை வச்சுக்கிட்டு நடப்பார் ஒருத்தர். வேப்பங்கவட்டையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பார் இன்னொருத்தர். மூணாவதா ஒருத்தர் பெட்டி, வயர், நாலு இரும்புக் கம்பி எல்லாம் கொண்டு வருவார். கம்பியை அங்கங்க அடிச்சு, பெட்டியில வர்ற எண்ணை நோட்டுல எழுதி, "300 அடிக்குள்ள ஒரு வெடிப்பு இருக்கு, போடலாம்"னு சொல்லுவார்.

போன கோடையில் என் புஞ்சைக்கு அப்படி ஒருத்தரைக் கூட்டிவந்திருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்புல நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். மழைக்காலத்துல குதிரைவாலி, மீதி மாசம் பட்டாசு ஆலை வேலைன்னு பொழப்பு ஓட்டுறவர். அவர் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, ஆந்திராவுல யுரேனியம் இருக்கான்னு பார்க்கப் போர் போட வந்தாங்களாம், ஊரே சேர்ந்து மறிச்சிருச்சாம். அவங்களும் இப்படித்தான் கம்பி அடிச்சுப் பார்ப்பாங்களா? நாளைக்கு நம்ம ஊருக்கு வந்தா, வந்தது எதுக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. விருதுநகர் மாவட்டத்தில் யுரேனியச் சுரங்கம் கிடையாது. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் பூமிக்குள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் இரண்டு லாபம். நம்ம போருக்குக் காசு கொடுக்கும்போது ஏமாற மாட்டோம். வேறு யாராவது நம்ம நிலத்தில் துளை போட வந்தால் சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்போம்.

யார் தேடுகிறார்கள்?

நம் நாட்டில் யுரேனியம் தேடுவது அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் அணுக்கனிம இயக்ககம். ஏ.எம்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1949-ல் சிறு பிரிவாகத் தொடங்கியது. தலைமையகம் ஐதராபாத்தில். அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்ததைத் தோண்டி எடுப்பது யு.சி.ஐ.எல். என்ற அரசு நிறுவனம். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1967 முதல் சுரங்கம் நடத்துகிறார்கள். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் தும்மலப்பள்ளியிலும் சுரங்கம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டு யுரேனியப் பாறை மிகவும் ஏழைப் பாறை. இந்தச் சுரங்கங்களில் ஒரு டன் பாறையை அரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூட வராது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் ஒரு டன்னுக்கு 100 கிலோவுக்கு மேல் கிடைக்கிறது. இங்கே மீதி 999 கிலோவும் அரைத்த சேறாகத்தான் மிஞ்சும். யுரேனியத்தோடு கூடப் பிறந்த ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் பெரும்பாலும் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும்.

முதல் படி: கதிரை எண்ணுவது

யுரேனியமும் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் காமா கதிரை வெளியிடும். கண்ணுக்குத் தெரியாது. சோடியம் அயோடைடு படிகத்தில் பட்டால் அந்தப் படிகம் மினுக்கும். மினுக்கலை எண்ணுவதுதான் கருவியின் வேலை. கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கருவியும் உண்டு. ஜீப்பில், ஹெலிகாப்டரில் வைத்து எடுத்துப்போவதும் உண்டு. ஹெலிகாப்டர் தாழப் பறந்து, உழவுச்சால் போடுகிற மாதிரி இணைகோடாகப் போய்ப் போய்த் திரும்பும்.

இதில் ஒரு சிக்கல். கதிர் விடுவது யுரேனியம் மட்டும் இல்லை. தோரியமும் விடும், பொட்டாசியமும் விடும். சிவகாசிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பட்டாசுக்குப் போடும் வெடியுப்பு, பொட்டாசியம் நைட்ரேட். அந்த மூட்டை அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் இந்தக் கருவியைக் கொண்டுபோனால் எண்ணிக்கை ஏறும். உரக்கடையில் பொட்டாஷ் மூட்டை பக்கம் போனாலும் ஏறும். அதனால் வெறும் எண்ணிக்கையை நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு தனிமத்தின் கதிருக்கும் தனித்தனி ஆற்றல் உண்டு. அதை வைத்து இது பொட்டாசியம், இது தோரியம், இது யுரேனியக் குடும்பம் என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கல் மண். மேலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்துக்குள் இருந்து வரும் காமா கதிர்தான் கருவிக்கு எட்டும். அதற்குக் கீழே உள்ளதை மண்ணே மறைத்துவிடும். நம்ம ஊர் மாதிரி ஆள் ஆழத்துக்குக் கரிசல் கிடக்கும் இடத்தில், அடிப்பாறையில் என்ன இருக்கிறது என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது. அப்போது மண்ணிடுக்கில் மேலேறி வரும் ரேடான் வாயுவை அளப்பார்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஓடை மணலையும் புட்டியில் பிடித்துப் போவார்கள்.

இரண்டாம் படி: கம்பி அடிப்பது

இங்கேதான் நம்ம நீரோட்டக்காரரும் அவர்களும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். மின்தடை ஆய்வு என்பது அதன் பெயர். வெளியே இரண்டு கம்பி வழியாகப் பூமிக்குள் மின்சாரம் விடுவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு கம்பியில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க மின்சாரம் ஆழமாகப் போகும். காய்ந்த இறுக்கமான பாறை மின்சாரத்தை விடாது, தடை அதிகம். தண்ணீர் நிற்கும் வெடிப்பும் மக்கிய பாறையும் விடும், தடை குறைவு.

ஆனால் களிமண்ணும் தடை குறைவுதான். உப்புத் தண்ணியும் குறைவுதான். கம்பிக்குத் தண்ணீர் தெரியாது, தடை மட்டும்தான் தெரியும். "உறுதியா ரெண்டு இஞ்சு தண்ணி"ன்னு யாராவது சொன்னா, அது கருவி சொன்னது இல்லை, ஆள் சொன்னது. எனக்கு அப்படிச் சொன்ன இடத்தில் 500 அடி போட்டும் புகைதான் வந்தது. அளந்த எண்களைக் கேட்டு வாங்கி, இன்னொருத்தரிடம் காட்டாமல் விட்டது என் தப்பு.

யுரேனியம் தேடுகிறவர்களுக்கும் இதே கதைதான். கம்பிக்கு யுரேனியம் தெரியாது. பாறை எங்கே ஒடிந்திருக்கிறது, எந்த அடுக்கு எங்கே சாய்கிறது, கிராஃபைட் போன்ற மின்சாரம் கடத்தும் பட்டை எங்கே ஓடுகிறது என்பதைத்தான் இந்த ஆய்வு காட்டும். கூடவே பூமியின் காந்தப்புலத்தையும் ஈர்ப்பு விசையையும் அளந்து ஒரு படம் வரைவார்கள். ஹெலிகாப்டருக்குக் கீழே பெரிய வளையம் தொங்கிக்கொண்டு போனால், அது மின்காந்த அலை அனுப்பி இதே வேலையை வானத்திலிருந்து செய்கிறது என்று அர்த்தம்.

பாறை ஒடிந்த இடத்தை எதற்குத் தேட வேண்டும்? யுரேனியம் தண்ணீரில் கரைந்து பயணம் போகிற தனிமம். ஆக்சிஜன் உள்ள நிலத்தடி நீரில் கரைந்து, வெடிப்பு வழியாக ஊர்ந்து, ஆக்சிஜன் இல்லாத இடம் வந்ததும் படிந்துவிடும். உலகத்தில் பல யுரேனியப் படிவுகள் இப்படி உண்டானவைதான். இதில் உழவருக்கு ஒரு செய்தி இருக்கிறது. யுரேனியம் போகும் பாதையும் தண்ணீர் போகும் பாதையும் பல இடத்தில் ஒன்றுதான். அவர்கள் துளை போட விரும்பும் வெடிப்பில்தான் நம்ம கிணறும் நீர் குடிக்கிறது.

மூன்றாம் படி: துளை

மேலே சொன்னது எல்லாமே ஊகம். உறுதி செய்யத் துளைதான் போட வேண்டும். ஆனால் நம்ம போர் வண்டி வேறு, அவர்கள் வண்டி வேறு.

நம்ம வண்டி சுத்தியலால் பாறையைப் பொடியாக்கி, கம்ப்ரசர் காற்றால் ஊதி மேலே தள்ளும். ஆறரை அங்குல ஓட்டை. ஊரே வெள்ளைத்தூசி. ஒரே நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கனிமம் தேடும் வண்டி சத்தம் குறைவாக, நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். வைரத்துகள் பதித்த வளையம் சுழன்று பாறையைக் கரும்புத்துண்டு மாதிரி உருளையாக வெட்டி எடுக்கும். துளை ஏறத்தாழ மூன்று அங்குலம், வெளியே வரும் கல்தண்டு இரண்டு அங்குலம். வெட்டும் இடம் சூடாகாமல் இருக்கத் தண்ணீரும் பென்டோனைட் களிமண் கரைசலும் விட்டுக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் சேற்றுக்குழி இருக்கும். தண்ணீர் டேங்கர் வந்து வந்து போகும். வெட்டிய கல்தண்டுகளைத் தட்டுத்தட்டாகப் பெட்டியில் அடுக்கி, ஆழத்தைக் குறித்து வைப்பார்கள்.

அப்புறம் காமா கருவியைக் கயிற்றில் கட்டித் துளைக்குள் இறக்கி, எந்த அடியில் எவ்வளவு கதிர் என்று பதிவு செய்வார்கள். கல்தண்டு ஆய்வகத்துக்குப் போகும். ஒரு துளையில் கிடைத்தால் போதாது. முதலில் அகல அகலத் துளை, பிறகு இடையில் துளை, பிறகு நெருக்கி நெருக்கித் துளை. கட்டம் எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு உறுதி. இந்தப் படிகளுக்கு ஜி-4, ஜி-3, ஜி-2, ஜி-1 என்று பெயர். ஜி-4 மேலோட்டமான தேடல், ஜி-1 விரிவான ஆய்வு. ஊருக்கு வருகிறவர்களிடம் "இது எந்த ஜி?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே வேலை எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

துளையால் தண்ணீருக்கு என்ன?

ஆய்வுத்துளை சுரங்கம் இல்லை. ஒழுங்காகப் போட்டு ஒழுங்காக மூடினால் பெரிய கேடு வராது. ஒழுங்காக மூடாவிட்டால்தான் வம்பு. மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர் இருக்கும் இடத்தில் துளை இரண்டையும் இணைத்துவிடும். மூடாத துளை வழியாக மேலே உள்ள அழுக்கு நேராக அடிநீருக்குப் போகும். சேற்றுக்குழியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் மழையில் கரைந்து ஓடைக்கு வரும். சரியான முறை, துளையின் அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் கரைசலை நிரப்பி அடைப்பது.

இதைச் சொல்லும்போது நம்ம முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணி வராத போரை எத்தனை பேர் சாக்கு வச்சு மூடிட்டு வந்திருக்கோம்? 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போரில் விழுந்து ஒரு பச்சைப்பிள்ளை செத்தது. அடுத்தவரிடம் "துளையை மூடு" என்று கேட்பதற்கு முன்னால் நம்ம துளையை மூடியிருக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் நடந்தது

தெலங்கானாவின் நல்லமலையில், அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் 83 சதுர கிலோமீட்டரில் யுரேனியம் தேட 2019 மே மாதம் ஒன்றிய அரசின் வன ஆலோசனைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஏறத்தாழ 4000 துளை போடும் திட்டம். காட்டை நம்பி வாழும் செஞ்சு மக்களும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

பக்கத்துக் காட்டுக்காரர் செய்தியில் கேட்டது ஆந்திராவின் கர்நூல் மாவட்டத்துக் கப்பட்ராள்ள. அங்கே காப்புக்காட்டில் 68 துளை போடத் திட்டம். 2024 நவம்பரில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் சாலைக்கு வந்தார்கள். துளை போடப் போவதில்லை என்று அரசு அறிவித்தது.

தும்மலப்பள்ளியில் நடந்தது வேறு. அங்கே சுரங்கமும் ஆலையும் வந்துவிட்டன. கழிவுக்குளத்துக்குப் பக்கத்து ஊர் உழவர்கள், போர்த்தண்ணீர் கெட்டது, வாழை கருகுகிறது என்று பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். நிறுவனம் மறுக்கிறது. அந்த நிலத்துப் பாறையில் இயல்பாகவே யுரேனியம் இருக்கிறது என்பதால், எது பாறையிலிருந்து வந்தது, எது கழிவிலிருந்து வந்தது என்ற வழக்கு சுலபமாகத் தீராது. சுரங்கத்துக்கு முன்னால் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் எப்படி இருந்தது என்ற கணக்கு உழவர் கையில் இருந்தால்தான் தீரும்.

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது மதுரை மேலூர் வட்டாரம். அது யுரேனியம் இல்லை, டங்ஸ்டன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை முன்பே ஆய்ந்து கொடுத்த தகவலை வைத்து, அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி பகுதியில் 2015 எக்டேருக்கு மேல் ஏலம் விட்டார்கள். 2024 நவம்பரில் ஏலம் எடுத்தவர் யார் என்று அறிவிப்பு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான். டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூர் உழவர்கள் மதுரை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. வெற்றிதான். ஆனால் ஆய்வு நடந்த காலத்திலேயே கேள்வி கேட்டிருந்தால், ஏலம்வரை போயிருக்காது.

இப்போது ஏன் அவசரம்?

இதுவரை ஒரு நம்பிக்கை இருந்தது. சுரங்கம் என்று வந்தால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்க வேண்டும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று. தேடுதல் வேலைக்கு எப்போதுமே அந்தக் கூட்டம் கிடையாது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக்கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அதில் சொல்லிவிட்டார்கள். அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

யுரேனியமும் டங்ஸ்டனும் இந்தப் பட்டியலில் வருகின்றன. நாம் பேசலாம் என்று காத்திருந்த கூட்டம் இனி வராமலே போகலாம். ஆகவே கம்பி அடிக்கும்போதும் கல்தண்டு எடுக்கும்போதும் விழித்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1. இன்றைக்கே உங்கள் கிணறு, போர் ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். மாசத்துக்கு ஒருமுறை, ஒரே தேதியில். இதற்குச் செலவு ஒரு முழம் சாக்பீஸும் ஒரு கயிறும்தான்.

2. வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில், தண்ணீரைப் பரிசோதியுங்கள். உப்பு, நைட்ரேட், புளூரைடு பார்க்கக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது. யுரேனியம் பார்க்கத் தனிக் கருவி வேண்டும், எல்லா ஆய்வகத்திலும் இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருப்பது 60. இந்த அளவுகளில் முதலில் அடிபடுவது சிறுநீரகம். கொதிக்க வைத்தால் போகாது.

3. நைட்ரேட்டை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட் கூடிய நிலத்தடி நீரில் யுரேனியமும் கூடியிருந்தது. பாறையில் சும்மா ஒட்டிக்கிடக்கும் யுரேனியத்தை நைட்ரேட் கரைத்து எழுப்பிவிடும். சுரங்கமே வராவிட்டாலும் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுவது நம்ம தண்ணீருக்கு நாமே வைக்கும் வேட்டு. இயற்கை வழி உழவுக்கு இது இன்னொரு காரணம். நாம் போடும் பாறை பாஸ்பேட்டிலும் கொஞ்சம் யுரேனியம் இயல்பாக இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். தேவைக்கு மேல் அதையும் போடாதீர்கள்.

4. யாராவது கருவியோடு வந்தால் சண்டைக்கு நிற்க வேண்டாம். எந்தத் துறை, எந்தக் கனிமம், எந்தப் படி, எத்தனை துளை, எத்தனை அடி, தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், துளையை எதை வைத்து மூடுவீர்கள், அறிக்கை எங்களுக்கு எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு எழுதிவையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

5. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு. ஊர் நீர்நிலைகளின் கணக்கை அதில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். கம்மாய், ஊருணி, பொதுக்கிணறு, நீர்மட்டம், பரிசோதனை முடிவு எல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். நாளைக்கு அதுதான் சாட்சி.

6. உங்கள் சொந்தப் போருக்கும் இதே ஒழுங்கு. நீரோட்டம் பார்த்தவரிடம் அளந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை அடியில் மண், எத்தனையில் பாறை, எத்தனையில் தண்ணி என்று வண்டி நிற்கும்போதே எழுதுங்கள். தண்ணி வராத போரை மூடி போட்டுப் பூட்டி, அடைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு இதெல்லாம் சொல்லி முடிச்சப்போ இருட்டிருச்சு. கடைசியா ஒண்ணு கேட்டார்: "எங்க அப்பா வெட்டின கிணறு இருக்கு. எத்தனை அடின்னு எனக்கே தெரியாது. அதை அளக்கணுமா?" அளக்கணும்னு சொன்னேன். மறுநாள் காலையில ஆலைக்குப் போறதுக்கு முன்னால கயிறும் கல்லுமா வந்து நின்னார். அவர் கிணத்துல தண்ணி 47 அடியில கிடந்தது. அவர் மகள் பள்ளிக்கூட நோட்டுல தேதி போட்டு எழுதிக்கிட்டா.

உங்க கிணத்துல எத்தனை அடி?